நல்ல காலுக்குப் போட்ட கட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாய், அதை அப்படியே நம்பிய காலம் நேற்றோடு முடிந்துவிட்டது. போனில் பேசலாமென்றால் ஒன்று உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார், இல்லையென்றால் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அது எப்படித்தான் சரியாக நான் திட்ட ஆரம்பிக்கும்போது போகிறதோ தெரியவில்லை. கடிதத்தை யாரும் நடுவில் துண்டிக்க முடியாது. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரி வரை படி.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். குழந்தை நம் தையல் கடைக்கு வந்தால் தொங்குகிற திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், நின்றவுடன் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறான். அண்ணிக்கு வேலை மாற்றல் வரும் போலிருக்கிறது, வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பெரிய தையல் மெஷின் மறுபடி மக்கர் பண்ணியது, மெக்கானிக் வந்து அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு ஊசியை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார், அதைச் சொல்ல அவர் எதற்கு. ஒரு ஓட்டலின் மாடி முழுவதற்கும் ஜன்னல் திரை தைக்கிற வேலை வந்திருக்கிறது, கடையில் கால் வைக்க இடமில்லை, எங்கே திரும்பினாலும் பழுப்புத் துணி. உன் அப்பா பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர சும்மா இருக்கத் தெரியவில்லை, வீட்டுக்குள் ஹாரன் அடிக்காத குறையாக என் பின்னாலேயே சுற்றுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கால் லேசாகப் பிசகிவிட்டது அம்மா என்றாய். மறுநாள் அது வீக்கம் ஆனது, அதற்கு மறுநாள் மாவுக்கட்டு ஆனது, தவணை முறையில் சொன்னால் எனக்கு வலிக்காது என்று நினைத்தாயா. அப்புறம் அப்பா வற்புறுத்திக் கேட்டதில் ஒரு கதை சொன்னாய். ஆஸ்பத்திரியே இல்லாத மலையிலும் காட்டிலும் அடிபட்டவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியில், ஒருவர் அடிபட்டவராக நடிக்க வேண்டும், மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கட்டுப் போட்டு ஸ்ட்ரெச்சரில் தூக்கி வர வேண்டும், அன்றைக்கு நேரம் வைத்துப் பரீட்சை, நடிக்கிற முறை உன்னுடையது. உன்னைவிட்டால் வேறு யாருடையதாக இருக்கும், பள்ளிக்கூட நாடகத்தில் நீ செத்துப்போனபோது தலைமை ஆசிரியையே மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து வெளியே போனாரே. வலது கால் உடைந்த மாதிரி நடிக்கச் சொன்னார்கள், சாயத்தைப் பூசிக்கொண்டு பாறைச் சரிவில் படுக்கப் போகும்போது வழுக்கி இடது கால் நிஜமாகவே உடைந்துவிட்டது. நடிக்கிறவர்கள் எப்படியும் ஐயோ அம்மா என்று கத்துவார்கள் என்பதால், நிஜமாக அடிபட்டால் சொல்வதற்கென்று உங்களுக்குள் ஒரு சொல் வைத்திருக்கிறீர்கள். ‘நிஜம்’ என்று சொன்னால் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும், அதுதான் முதல் நாள் சொல்லித் தந்த சட்டம். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை, எல்லோருக்கும் பரீட்சை கெட்டுப்போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன் என்றாய். உன் பயிற்சியாளரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாய். அவர் எல்லோர் முன்னாலும் உன் பொறுமையைப் பாராட்டிவிட்டு, தன் உடம்பைப் பற்றி வாய் திறக்காதவளைத் தனியாக ஓர் இடத்துக்கு அனுப்ப முடியாது என்று, உனக்கென்று முடிவாகியிருந்த மலை முகாம் வேலையை உன் குழுத் தலைவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்டு உன் அப்பாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. எலும்பு முறிந்தும் என் பெண் முனகக்கூட இல்லை என்று சலூனில் சொல்லி, பால் பூத்தில் சொல்லி, பழைய டிப்போவுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல ஒரு சொல்லைக் கையில் கொடுத்தும் வாயை மூடிக்கொண்டு கிடந்தாளே, இவளை என்ன செய்தால் தகும் என்று உன்மேல் அத்தனை ஆத்திரம். அன்றைக்கு மட்டும் நீ பக்கத்தில் இருந்திருந்தால் கால்கட்டோடு சேர்த்து முதுகிலும் ஒன்று வாங்கியிருப்பாய்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. உடைந்தது இடது கால், கட்டுப் போட்டது வலது காலுக்கு, அதனால்தான் வலி கூடியது என்றாய், அது எப்படி வலி இன்னும் அதிகமாகும் என்று நம் தெரு மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கடைக்கே வந்து, உன் அப்பாவை வெட்டுமேஜைமேல் படுக்கச் சொல்லி, என்னிடமே துணிப்பட்டை வாங்கிச் செய்து காட்டினார். காட்டில் முட்டுக் கொடுக்கத் தோதான கட்டை கிடைக்காவிட்டால் நல்ல காலையே கட்டையாக வைத்து, அதோடு உடைந்த காலைச் சேர்த்துக் கட்டிவிடுவார்களாம், தொடையில் ஒன்று, முழங்காலுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, கணுக்காலில் எட்டு மாதிரி ஒன்று. அப்படியென்றால் என் பெண்ணுக்கு என்ன ஆனது என்றேன். நல்ல காலைத் தாங்கிப் பிடிக்க உடைந்த காலைக் கட்டையாக வைத்து இறுக்கியிருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஓட்டல் மேனேஜர் திரை அளவு சொல்ல வந்துவிட்டார், மேஜைமேல் கால் கட்டிக் கிடந்த உன் அப்பா அப்படியே தலையை மட்டும் தூக்கி வாங்க வாங்க உட்காருங்க என்றார். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருப்பேன். அன்றைக்கு முடிச்சை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் அந்தப் பட்டைகளைக் கத்தரியால் வெட்டி எறிந்தேன்.

நேற்று மத்தியானம் உன் அறைத்தோழி போன் பண்ணினாள், அந்தச் சுருட்டைமுடி. நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நலமா சாப்பிட்டீர்களா என்று சுற்றி வளைத்தாள், விஷயத்தைச் சொல் என்றேன். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஆன்ட்டி, அவ சொன்னா. நிஜம் நிஜம்னு திரும்பத் திரும்பச் சொன்னா. எங்க எல்லார் காதுலயும் விழுந்துது.” உங்கள் குழுத் தலைவன், எனக்கு வீடியோவில் கையாட்டி உங்கள் பெண்ணை மாதிரி நடிக்க ஆளே இல்லை அம்மா என்று பல்லைக் காட்டினானே, அந்த நெட்டையன், உன் காதருகே குனிந்து என்ன சொன்னான் என்பதையும் சொன்னாள். “கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ முடிஞ்சுடும்.” அவ்வளவுதான். பயிற்சியாளர் மேட்டுக்குமேல் கடிகாரத்தோடு நின்றார், அவருக்குக் கேட்காத தூரம். நடுவில் நிறுத்தினால் பரீட்சையை முதலிலிருந்து இன்னொரு நாள் எழுத வேண்டும், அவன் ஏற்கெனவே ஒரு தடவை தேறாதவன். அடிபட்டவரைத் தலையிலிருந்து கால் வரை தொட்டுப் பார்ப்பதுதான் முதல் பாடம் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய், அதைக்கூட நேரம் போகிறதே என்று விட்டுவிட்டு, பரீட்சைத் தாளில் வலது கால் என்று இருந்ததால் வலது காலைப் பிடித்திருக்கிறான். கட்டிய கட்டோடு அந்தக் கல்லும் முள்ளுமான சரிவில் உன்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, நேரத்துக்குள் முடித்துவிட்டோம் என்று கைகூட தட்டிக்கொண்டார்களாம். கையிலிருந்த கத்தரிக்கோல் எங்கே போனதோ தெரியவில்லை, ஓட்டல் துணியை ஒரு முழம் குட்டையாக வெட்டி வைத்திருக்கிறேன்.

சுருட்டைமுடிக்கும் என்னிடம் திட்டுக் கிடைத்தது. அழாதே அம்மா என்று ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நீ ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தைத்தானே பிடித்திருந்தாய், உன் காதில் விழுந்ததே, கீழே வைத்துவிட்டு நான் தூக்கமாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா என்று கேட்டேன். தலைவன் சொன்னதைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தோம் என்றாள். வைத்தியம் பார்க்கப் போகிறவர்களாம். படுத்திருப்பவள் சொல்வதைக் கேட்கவில்லை, நிற்கிறவன் சொல்வதைக் கேட்டார்களாம். உன் பயிற்சியாளர்மேலும் எனக்குக் கோபம்தான். மேட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்தவர் கீழே கிடந்தவளின் முகத்தையும் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா, நேரத்தைப் பார்க்கச் சுவரில் மாட்டிய கடிகாரமே போதுமே. ஆனாலும் அந்தப் பெண்ணையாவது ஒன்றில் மெச்சுகிறேன், உறுத்தல் தாங்காமல் கூப்பிட்டுச் சொன்னாள். நீ சொல்லவில்லையே.

ஏண்டி சொல்லவில்லை. உடைந்த காலோடு கிடந்தபோது வாய் திறந்து கத்தினவள், கட்டுப் போட்டுக் கட்டிலில் படுத்த பிறகு எப்படி ஊமையானாய். சொல்லவில்லை என்று பயிற்சியாளரிடம் பொய், அப்பாவிடம் பொய், என்னிடம் பொய், யாருக்குக் காது குத்துகிறாய். அந்த நெட்டையன் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதானாமே. என்னை முடித்துவிடாதே, இதுவும் போனால் எனக்கு வேறு வழியில்லை என்றானாமே. அழட்டும், நானும்தான் அழுதேன், எனக்கு யார் என்ன கொடுத்தார்கள். அவன் அழுததற்காக நீ பழியை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாயா. அதோடு விட்டானா, உன் பழியைக் காட்டி உனக்கு வைத்திருந்த இடத்தையே அவனுக்குக் கொடுத்தபோது, இல்லை சார், தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னானா. கப்சிப்பென்று வாங்கிக்கொண்டான். பயந்து தப்புப் பண்ணினவனைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அந்தத் தப்பின்மேல் ஏறி உட்கார்ந்து பதவி வாங்கினவனை என்னவென்று சொல்வது. இவனுக்குப் போய் நீ வக்காலத்து வாங்குகிறாய், பாவம் நல்லவன் என்று சுருட்டைமுடியிடம் சொன்னாயாம். நல்லவனாகவே இருக்கட்டும், அவன் வீட்டில் நல்லவனாக இருக்கட்டும்.

அந்த முகாமைப் பற்றி நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மரங்கள் முடிந்த பிறகும் ஏற வேண்டும், சாலை போடுகிறவர்களும் ஆடு மேய்க்கிற குடும்பங்களும்தான், வைத்தியம் தெரிந்த ஆள் ஒருவர்தான், வானம் தெளிந்தால்தான் ஹெலிகாப்டர் வரும், தெளியாவிட்டால் அந்த ஒருவர்தான் எல்லாம். அங்கே போகாதே என்று நான் போடாத சண்டையா. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு நாலு மாடி ஆஸ்பத்திரியில் கைநிறையச் சம்பளத்தோடு இருந்தவள், அதை விட்டுவிட்டுப் பனியில் போய்ப் படுக்கிறேன் என்கிறாளே என்று ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இடம் கைவிட்டுப் போய்விட்டது என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது, மறைப்பானேன். காலும் ஆறும், பெண்ணும் ஊரோடு வந்து சேர்வாள் என்று அண்ணனிடம்கூடச் சொன்னேன்.

அந்த அப்பாடா நேற்றோடு போய்விட்டது. மாதம் பிறந்தால் நெட்டையன் அங்கே போகிறான். அங்கே ஒரு கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னவோ பண்ணுகிறது என்பாள். கல் உருண்டு விழுந்த ஒருவன் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் வலிக்கிறது என்பான். இவன் குனிந்து, கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ முடிஞ்சுடும் என்பான். உன்னையாவது மேலே தூக்கி வந்த பிறகு பார்க்க ஆஸ்பத்திரி இருந்தது, மேட்டில் ஒருவர் நின்றார், உனக்காக இங்கே கத்த நான் இருக்கிறேன். அவர்களுக்கு யார் இருக்கிறார்கள். நீ நல்லவளாக இருப்பதற்கு அவர்களா விலை கொடுப்பார்கள். இதை நினைத்தால் ராத்திரி கண்ணை மூட முடியவில்லை, முகம் தெரியாதவர்களுக்காக நான் இப்படிப் பதறுவேன் என்று எனக்கே தெரியாது.

உன் அப்பாவிடம் நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிதாகக் குதிப்பார் என்று பார்த்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “சத்தம் போட்டிருக்கா பொண்ணு. நான் ஊர் முழுக்க அவ சத்தமே போடலைன்னு சொல்லிட்டு வந்திருக்கேனே.” அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, இப்போது பார்த்துவிட்டேன், அந்தக் கணக்கும் நெட்டையன் பேரில்தான். காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து கிளம்பிப் போனார். சலூன்காரர் பாதித் தலை வெட்டிக்கொண்டிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாராம், பால் பூத்தில் நின்றவர்களெல்லாம் அட அநியாயமே என்றார்களாம், டிப்போவுக்கு இன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். நான் முன்னே சொன்னது தப்பு, என் பெண் சரியாகத்தான் சொன்னாள், கேட்டவர்கள்தான் நிறுத்தவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வருகிறார். அவர் இந்த வயதில் வெட்கத்தை விட்டுச் சொன்னதையே மாற்றிச் சொல்கிறார், உனக்கு என்ன கேடு.

பயிற்சியாளருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது, சுருட்டைமுடிதான் கொடுத்தாள், அவர் கூப்பிட்டுக் கேட்டால் தானும் உள்ளதைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களே பேசிவிடுங்கள் என்று மருந்துக்கடைக்காரரும் சொல்கிறார். எனக்குக் கை பரபரக்கிறது, ஆனாலும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் நான் பேசினால் பெற்றவள் வயிற்றெரிச்சலில் புலம்புகிறாள் என்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். அடிபட்டவள் நீ, அவர்களோடு வேலை பார்க்கப் போகிறவளும் நீ. கட்டிலில் இருந்தபடியே அவரைக் கூப்பிடு. ‘நிஜம்’ என்று நான் சொன்னேன், இவர்கள் நிறுத்தவில்லை, அதற்குப் பிறகு நான் பொய் சொன்னேன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல், பொய் சொன்னதை விட்டுவிடாதே, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றதை நம்புவார். அவனைத் திட்ட வேண்டாம், தூற்ற வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும், திட்டுவதற்கு நான் இருக்கிறேன். அவன் மறுபடி படிக்கட்டும், மறுபடி பரீட்சை எழுதட்டும், யாராவது நிறுத்து என்றால் நிற்கக் கற்றுக்கொண்டு பிறகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், அப்போது நானே அவனுக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகும் நீ பேசவில்லை என்று தெரிந்தால் நான் பஸ் ஏறி, ரயில் ஏறி, அந்த மேட்டுக்கே வந்து நிற்பேன், எனக்கு மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, என்னை உனக்குத் தெரியும்.

கால் ஆறினதும் அந்த முகாமுக்கு நீ போ. ஆமாம், நான்தான் சொல்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பார். எனக்கு இஷ்டம் வந்துவிட்டது என்று நினைக்காதே, இன்றைக்குக் கேட்டாலும் என் பெண் எனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும். ஆனால் அந்த மலைமேல் ஒருவர்தான் இருக்க முடியும் என்றால், நிஜம் என்று சொல்லியும் கேட்கப்படாமல் அந்தச் சரிவில் கிடந்தவள் இருக்கட்டும். வலிக்கிறது என்று யாராவது சொன்னால் உன் கை அந்த நொடியே நிற்கும், அது எனக்குத் தெரியும். அந்தக் கைக்கும், அதைத் தாங்குகிற காலுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அண்ணனும் அண்ணியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள், குழந்தை இந்தத் தாளின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றிருக்கிறான், அதை அவன் கையெழுத்தாக வைத்துக்கொள்.

மாவுக்கட்டுக்குள் அரித்தால் குச்சியை விட்டுச் சொறியாதே, கால்சியம் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். கடைசியாக ஒன்று. அந்தச் சொல்லை நீ சொன்னாய். சொல்லவில்லை என்று இனி யாரிடமும் சொல்லாதே.

உன்மேல் கோபம் தீராத,
அம்மா